வீட்டிலே பீர் போடுகிறார்கள், ஏன்?

சென்ற மாதம் கெடாவில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். சாமி ஊர்வலம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு, செம்பனை லாரி ஓட்டும் தம்பி ஒருவர் நம்மைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக அழைத்துப் போனார்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது. சிங்கப்பூர்ல இருக்கிற எங்க மச்சான் வீட்டுலயே பீர் போடுறாரு. பெட்டியா சாமான் வாங்கி, வாளியில ஊறப் போட்டு, போத்தல்ல அடைச்சி வச்சிடுறாரு. கடைப் பீருக்குக் கொடுத்து மாளல. நாமளும் போட்டா என்ன?"

குடிக்காதே தம்பி என்று தோளில் தட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். இந்தப் பகுதியில் அதை எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது, இனியும் எழுதுவோம். ஆனால் அந்தத் தம்பி குடிக்கலாமா என்று நம்மிடம் கேட்கவில்லை. கடையில் கிடைக்கிற ஒரு பொருளை மனிதன் ஏன் வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறான் என்ற விஷயம் அவர் கேள்விக்குள் இருக்கிறது. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அதற்குள் சம்பளமும் வரியும் சட்டமும் பெண்கள் பாடும் சேர்ந்து வருகின்றன. ஆகவே இன்று அதைப் பேசுவோம்.

முதலில் கணக்கு. நம் நாட்டில் 2016 மார்ச் 1 முதல் மதுவுக்கான கலால் வரி, அதில் உள்ள சுத்த மதுசாரத்தின் அளவைப் பார்த்துப் போடப்படுகிறது. பீருக்கு, ஒரு லிட்டர் சுத்த மதுசாரத்துக்கு 175 வெள்ளி என்று அப்போது வைத்தார்கள். 2025 நவம்பரில் அதன் மேல் 10 விழுக்காடு ஏற்றினார்கள். 320 மில்லி டின் ஒன்றில் 5 விழுக்காடு மதுசாரம் என்றால் 16 மில்லி. அந்த 16 மில்லிக்குக் கலால் வரி மட்டும் 3 வெள்ளி 8 காசு ஆகிறது. விற்பனை வரி, ஆலைக்காரன் லாபம், லாரி வாடகை, கடைக்காரன் லாபம் எல்லாம் இதற்கு மேல். தினம் வேலை விட்டு வந்து இரண்டு டின் குடிக்கிறவர் மாதத்துக்குக் கலால் வரியாக மட்டும் 185 வெள்ளி கட்டுகிறார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! வருமான வரியே நமக்கு இல்லை என்று பெருமைப்படும் தோழர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

அரசாங்கம் வரி போடுவதைத் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. விலை ஏறினால் சிலர் குறைப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் எல்லாரும் குறைப்பதில்லை. குறைக்காதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். ஒரு வழி, வரி கட்டாமல் வரும் கள்ளக் கடத்தல் டின். இன்னொரு வழி, லேபிள் மட்டும் ஒட்டிய போலிச் சரக்கு. மூன்றாவதுதான் மச்சான் வீட்டு வாளி.

சிங்கப்பூர் மச்சான் செய்வது அங்கே சட்டத்துக்கு உட்பட்டதே. 2004ஆம் ஆண்டிலிருந்து அங்கே வீட்டில் பீர் போட அனுமதி இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு போத்தலைக்கூட விற்கக் கூடாது. புளிக்க வைக்கலாமே தவிர காய்ச்சி வடிக்கக் கூடாது. நம் பக்கம் நிலைமை வேறு. உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பதும், வீட்டில் செய்த மதுவை விற்பதும் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். சபா, சரவாக்கில் அறுவடைத் திருநாளுக்குத் துவாக்கும் தப்பாயும் வீட்டுக்கு வீடு போடுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். அது அம்மக்களின் வழிவழி வழக்கம். அதைக் காட்டித் தோட்டத்து லயத்தில் சட்டி வைத்தால் கலால் அதிகாரி கேட்டுக்கொண்டு போகமாட்டார்.

சரி, விலை ஒன்றுதான் காரணமா? இல்லை. ஆனால் விலையில்தான் எல்லா நாட்டுக் கதையும் தொடங்குகிறது. அதிலும் கூலி வேலை செய்கிறவன் வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

இங்கிலாந்தில் வில்லியம் காபெட் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். விவசாயி மகன். ஏழைக் குடியானவருக்காக எழுதியவர், சிறைக்கும் போனவர். 1821, 1822ஆம் ஆண்டுகளில் பண்ணைக் கூலிகள் வீட்டுச் செலவை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று சிறு சிறு வெளியீடுகளாக ஒரு புத்தகம் போட்டார். அதில் முதல் பாடமே வீட்டில் பீர் போடுவது! ரொட்டி, பசு, பன்றி வளர்ப்பு எல்லாம் அதற்குப் பிறகு. முன்பு ஒவ்வொரு கூலி வீட்டிலும் பெண்கள் பீர் போட்டார்கள். முளைகட்டிய பார்லி மேல் அரசாங்கம் போட்ட வரி அந்தப் பழக்கத்தைக் கொன்றுவிட்டது. இப்போது கூலிக்காரன் தேநீருக்கும் மதுக்கடைக்கும் காசைக் கொட்டுகிறான் என்பது அவர் வாதம். தேயிலைமேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். நாள் முழுதும் தேநீரில் ஓடுகிற நம் தோட்டத்து மக்கள் அதைப் படித்தால் சிரிப்பார்கள். ஆனால் அவர் கூலிக்காரனின் பையைத் திறந்து, எந்தக் காசு எவன் கைக்குப் போகிறது என்று எண்ணிக் காட்டினாரே, அந்த வேலை இன்றும் பாக்கியிருக்கிறது.

1880இல் அந்த முளைப் பார்லி வரியை எடுத்துவிட்டுப் பீர் மேலேயே வரி போட்டார்கள். வீட்டில் போடுகிறவன் உரிமம் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. 1963இல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். அதற்குப் பிறகு என்ன நடந்தது? மருந்துக்கடையிலேயே பீர் போடும் சாமான் பெட்டி விற்கும் அளவுக்கு அது பரவியது. பெரிய ஆலைகள் சின்ன ஆலைகளை விழுங்கி, நாடெங்கும் ஒரே ருசியில் சப்பென்ற பீரை விற்ற காலம் அது. அதை எதிர்த்தே 1971இல் குடிப்பவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆக, அங்கே சிலர் காசு மிச்சம் பிடிக்கப் போட்டார்கள். சிலர் நாக்குக்காகப் போட்டார்கள்.

அமெரிக்காவில் காரணம் தடை. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது மளிகைக்கடையில் முளைப் பார்லிப் பாகு டின்னில் விற்றது. ரொட்டி சுட என்று பேர். வாங்கினவர்கள் எல்லாரும் ரொட்டியா சுட்டார்கள்? தடை நீங்கியபோது வீட்டில் ஒயின் போட அனுமதித்தவர்கள் பீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதைச் சரி செய்யும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978இல். அங்கும் ருசி தேடியவர்களே பிறகு பெரும்பாலும் இதில் இறங்கினார்கள். சனிக்கிழமை ஓய்வும், வாளி வைக்க நிலவறையும், கெட்டுப்போனால் கீழே கொட்டிவிட்டு மறுபடி வாங்கக் காசும் உள்ளவர்கள் அவர்கள்.

இந்த வகைக் கதை நமக்கு அவ்வளவாக ஒட்டாது. நமக்கு ஒட்டுகிற கதை வேறிடத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில்.

டர்பன் நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன கப்பலில் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிய துறைமுகம் அது. நம் பாட்டன்மார் இங்கே காட்டை வெட்டினார்கள் என்றால், அவர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊரை ஒட்டிய கேட்டோ மேனர் என்ற மேட்டுப் பகுதியில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். பிறகு அந்த நிலங்களில் வாடகைக்குக் குடிசை போட்டு ஆப்பிரிக்க மக்கள் ஆயிரக்கணக்கில் குடியேறினார்கள். நாம் சொல்லப்போகும் சம்பவங்களில் முக்கியமானவை அந்த மேட்டில்தான் நடந்தன.

ஜூலு மக்களின் பீருக்கு உட்ஷ்வாலா என்று பேர். நம் பெரியவர்கள் கூழுக்குப் போடுவார்களே அந்தச் சிறு சோளம், அதை முளைகட்டி, அரைத்து, கஞ்சியாக்கி, சில நாள் புளிக்க வைப்பார்கள். கெட்டியாக, பாதி உணவாக இருக்கும். போதை குறைவு. செய்வது பெண்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அது இல்லாமல் முடியாது.

1908இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதைக் கொண்டு டர்பன் நகராட்சி, ஊருக்குள் சோளப் பீர் செய்து விற்கும் உரிமையைத் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டது. பெண்கள் செய்தால் குற்றம். நகராட்சி செய்தால் வியாபாரம். நகராட்சி பீர்க் கூடங்களைக் கட்டியது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆண்கள் கூலி வாங்கிய கையோடு அங்கே போய்க் குடித்தார்கள். அந்த லாபத்திலிருந்தே அவர்களுக்குத் தங்கும் விடுதிகளைக் கட்டியது, அவர்களை அடக்கி ஆள்கிற இலாகாவையும் நடத்தியது. வெள்ளைக்கார வரிதாரர் பையிலிருந்து போக வேண்டிய செலவு கூலிக்காரனின் பீர்க் காசிலிருந்து போயிற்று. இதற்கு 'டர்பன் முறை' என்றே பேர் வந்தது. 1937க்குப் பிறகு மற்ற நகரங்களும் இதைக் கையாண்டன.

பெண்கள் என்ன செய்தார்கள்? ஊருக்குள் அவர்களுக்கு வேலை இல்லை. வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவலாம், துணி துவைக்கலாம், அவ்வளவுதான். கணவன் கூலி விடுதி வாசலோடு தீர்ந்துவிடும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் குடிசை வாடகைக்கும் காசு? அவர்கள் கையில் இருந்த ஒரே தொழில் உட்ஷ்வாலா. இரகசியமாகப் போட்டு விற்றார்கள். போலீஸ் வந்து பானையை உடைக்கும். மறுநாள் வேறு பானை வைப்பார்கள். 1929இல் பீர்க் கூடங்களைப் பகிஷ்கரித்துப் பெரிய போராட்டமே நடந்தது. பெண்கள் வாசலில் நின்று மறித்தார்கள்.

முப்பது ஆண்டு கழித்து, 1959 ஜூனில், சுகாதாரத்தைக் காரணம் காட்டிக் கேட்டோ மேனரில் புகுந்த நகராட்சி ஆட்கள் பெண்கள் போட்டிருந்த சரக்கைக் கொட்டி அழித்தார்கள். அதே சமயம் குடிசைகளை இடித்துத் தொலைவிலுள்ள க்வாமாஷுவுக்கு மக்களை அப்புறப்படுத்தும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்குப் பொறுக்கவில்லை. கம்போடு பீர்க் கூடத்துக்குள் நுழைந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த ஆண்களை அடித்து விரட்டினார்கள். பீரைத் தரையில் கொட்டினார்கள். மறுநாள் ஏறக்குறைய 2,000 பெண்கள் கூடினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. போராட்டம் நேட்டால் எங்கும் பரவியது. 1960 ஜனவரியில் அதே கேட்டோ மேனரில் கள்ளப் பீர் சோதனைக்குப் போன இடத்தில் கலவரம் மூண்டு ஒன்பது போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு பானைப் புளித்த கஞ்சிக்காக ஊர் அந்த நிலைக்கு வந்தது ஏன் என்று கேட்காமலும் இருக்க முடியாது.

அந்தப் பெண்கள் குடிக்காக மறியல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். குடிக்கு எதிராகவும் செய்யவில்லை. கணவன் கூலி கூடத்துக்குள் போகிறது, தன் கைத்தொழிலோ குற்றமாகிறது. இரண்டு பக்கமும் அடி. அந்த ஆத்திரம்தான் அது.

இதைப் படிக்கும்போது நம் வயதானவர்களுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை நினைவுக்கு வரும் என்று நினைக்கிறோம். அங்கேயும் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தது துரைக்கு, அல்லது அரசாங்கத்துக்கு. தொழிலாளி தன் வீட்டு வாசலிலுள்ள தென்னையில் பாளை சீவினால் குற்றவாளி. தோட்டத்துக் கடையில் வாங்கிக் குடித்தால் நல்ல பிள்ளை. கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியில் போட்டார்கள். பந்தாடத் திடல், கோயில் திருவிழா என்று அதிலிருந்து செலவானது. துரை தன் கையிலிருந்து கொடுத்ததுபோல் பேர்! டர்பன் விடுதிக்கும் நம் தோட்டத்துத் திடலுக்கும் கல் மண் வேறு, காசு ஒன்று.

நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பவற்றோடு, கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு 1947இல் கெடாவில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில், தொண்டர் படை பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியல் செய்தது. போலீஸ் வந்தது, அடி விழுந்தது, உயிரும் போனது. கூலி வாங்கிய அன்றே கூலி கடைக்குத் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

அப்போது நிர்வாகத்தார் சொன்ன ஒரு பதில் உண்டு: கடையை மூடினால் சம்சு வரும். தங்கள் வசதிக்குச் சொன்னதுதான். இருந்தாலும் அதில் பொய் மட்டும் இல்லை. சம்சு வரத்தான் செய்தது. சீன மொழியில் மூன்று தடவை காய்ச்சியது என்று பொருளாம் அந்தச் சொல்லுக்கு. கித்தாக் காட்டோரம், ஓடைத் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் இரவில் அடுப்பு எரிந்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். காய்ச்சியவர்கள் யார்? பெரும் பணக்காரர் இல்லை. வெட்டு மரம் எட்டாத வயசாளி, புருஷனை இழந்து பிள்ளைகளோடு நின்ற பெண், பெயர் வெட்டப்பட்டவர். பெரட்டில் பெயர் இல்லாதவருக்குச் சட்டி ஒரு பிழைப்பாயிற்று. பிடிபட்டால் அபராதம், கட்ட முடியாவிட்டால் சிறை. அவர்களிடம் வாங்கிக் குடித்தவர் எவரும் அந்த அபராதத்தில் பங்கு கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை!

சிங்கப்பூர் அடுக்குமாடியில் போட்டால் பொழுதுபோக்கு என்கிறார்கள், ஆங்கில ஏட்டில் படம் போட்டு எழுதுகிறார்கள். லயத்துப் பின்கட்டில் போட்டால் கைவிலங்கு. இந்த வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் சட்டம். மறு பாதி, செய்கிறவன் யார் என்பது. இருந்தாலும் ஒரு விஷயத்தில் சட்டம் பிரித்துப் பார்ப்பது சரியே. புளிக்க வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு. இதை நம் மக்களில் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள், ஆகவே சற்று விளக்குவோம்.

பீர் என்பது முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்ப்பது. இனிப்பை ஈஸ்ட் தின்று மதுசாரமாக்குகிறது. ஒன்று இரண்டு வாரம் வாளியில், பிறகு போத்தலில். பெட்டியில் விற்கும் சாமானில் பாகாகவே வருவதால் வேலை குறைவு. இதில் ஆளைக் கொல்லும் விஷம் உண்டாவதில்லை. பாத்திரம் சுத்தமில்லை என்றால் புளிச்ச தண்ணியாகப் போகும். புளிப்பு அடங்குமுன் அடைத்தால் போத்தல் வெடிக்கும், கண்ணாடி முகத்தில் அடிக்கும். வடிப்பது அப்படியல்ல. நெருப்பின் மேல் மதுசார ஆவி எழும்புகிறது. தீப்பிடித்தால் லயமே போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மெத்தனால். தொழிற்சாலைக்கு வேண்டிய அந்தச் சரக்கைப் போதை ஏற்ற என்று கலந்துவிடும் பாவிகள் இருக்கிறார்கள். பார்த்தாலும் மோந்தாலும் வித்தியாசம் தெரியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மலிவு விலை விஸ்கி, பீர் என்று லேபிள் ஒட்டி விற்ற போலிச் சரக்கைக் குடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் இறந்தார்கள். அவர்களில் பலர் நேப்பாளம், மியன்மார், வங்காள தேசத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள். பிழைத்தவர்களிலும் கண் போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் இதே மெத்தனால்; 60க்கும் மேல் உயிர். இரண்டு இடத்திலும் செத்தவன் மலிவைத் தேடிப் போன ஏழை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தனால் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண்ணுக்கு முன் வெள்ளையாகப் பனி மூட்டம் போல் மங்கல். போதை தெளியாமல் படுத்திருக்கிறான் என்று விட்டுவிடக் கூடாது. மோர் கொடுப்பது, எலுமிச்சை பிழிவது எதுவும் உதவாது. கண் மங்குகிறது என்றால் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரி. குடித்த போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். மாற்று மருந்து இருக்கிறது, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிறது, நேரம்தான் இருக்காது.

வீட்டில் போடும் ஆசைக்கு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது. கடைச் சரக்கை நம்ப முடியவில்லை, நானே போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் என்கிறார்கள். நியாயமான பேச்சு. விற்பனைக்குத் தடை வந்தாலும் இதேதான் நடக்கிறது. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவுக்காகத் தென்னாப்பிரிக்காவில் மது விற்பனையையே நிறுத்தினார்கள். உடனே ஜனங்கள் அன்னாசிப்பழத்துக்கு ஓடினார்கள்! அன்னாசி, சீனி, ஈஸ்ட் போட்டு வீட்டில் பீர். சந்தையில் அன்னாசி விலை ஏறியது. உட்ஷ்வாலாப் பானையை உடைத்த சட்டங்களின் நாட்டில், இந்தத் தடவை பணக்காரர் வீட்டுச் சமையலறையிலும் பானை ஏறியதுதான் வேடிக்கை.

ஆக, எந்த ஊரைப் பார்த்தாலும், வீட்டில் போடுகிறவன் வெறும் குடிவெறியில் போடவில்லை. கடை விலை எட்டாமல் போயிருக்கும், கடைச் சரக்கில் நம்பிக்கை போயிருக்கும், கடையையே மூடியிருப்பார்கள், அல்லது வேறு பிழைப்பு இருந்திருக்காது. மனிதனைப் பிடித்து உள்ளே போட்டால் இவற்றில் எது தீரும்? குடியால் வரும் வரிப்பணத்தில் ஒரு பங்கு குடியால் கெட்ட குடும்பங்களுக்கும், குடி நோய் வைத்தியத்துக்கும், தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திரும்ப வர வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்பது நியாயம். கேட்டால் கிடைக்குமா என்பது வேறு. கேட்கவே இல்லையே! போலிச் சரக்கு விற்பவனைப் பிடிக்கும் வேகமும், சட்டி வைத்த கிழவியைப் பிடிக்கும் வேகமும் ஒன்றாக இருந்தால்கூட நாம் சும்மா இருப்போம்.

அந்தத் தம்பிக்கு நாம் சொன்னதைச் சொல்லி முடிக்கிறோம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் செய்கிற ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். பீர் ஈஸ்டுக்கு ஏற்றது ஏறத்தாழ 20 பாகைக் குளிர். நம் லயத்துத் தகரக் கூரைக்கு அடியில் 30க்குக் குறைவது எப்போது? வாளியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். மின்சாரக் கட்டணம் வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாத தண்ணிதான் கிடைக்கும். மச்சானுக்குக் குளிரூட்டி அறை இருக்கிறது. நமக்கு? ஒரு தடவைக்கு 23 லிட்டர் வரும் என்று மச்சான் சொன்னாராம். அது 320 மில்லி டின் கணக்கில் ஏறக்குறைய 72 டின். தினம் இரண்டு என்றால் ஒரு மாதத்துக்கு மேலேயே வரும் என்று தம்பி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவி பின்னாலேயே வந்து நின்றதை நாம் இருவருமே கவனிக்கவில்லை.

"கேட்டீங்களாண்ணே இவரு கணக்க? கடையில இருந்தா காசு தீர்ந்ததும் எழுந்து வருவாரு. எழுவத்திரண்டும் வீட்டுலயே இருந்தா ஒரு மாசமா வரும்? தீவாளிக்குப் போட்டா தீவாளி அன்னிக்கே தீர்ந்திடும்."

தம்பி சிரித்துக்கொண்டே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார்.